கிரிப்டோ: கணக்கு எங்கே இருக்கிறது, திறப்பு யாரிடம் இருக்கிறது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் புதுக்குடியிருப்பிலும் கிரிப்டோ என்ற பேச்சைக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. ஒருவருக்கு அது பேஸ்புக் விளம்பரமாக வந்திருக்கும், இன்னொருவருக்கு மச்சான் சேர்த்துவிட்ட வட்ஸ்அப் குழுவாக, வேறொருவருக்குக் கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் பேச்சாக. கிரிப்டோ என்பது தாளாகவோ நாணயமாகவோ இல்லாமல் கணினிக் கணக்கேட்டில் மட்டும் இருக்கும் காசு; அதில் முதலில் வந்தது பிட்கொயின். பிட்கொயின் ஒன்றின் விலை ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியது என்று 2024 டிசம்பரில் செய்தி வந்தது. கிரிப்டோவில் போட்ட காசு போய்விட்டது என்று பொலிஸ் நிலையத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஆனால் விலை ஏறிய பொருளும் காசைத் தின்ற பொருளும் ஒன்றா என்றால், பெரும்பாலும் இல்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கணினிப் படிப்பு தேவையில்லை. இரண்டு கேள்விகள் போதும். அந்தக் காசின் கணக்கு எங்கே எழுதப்படுகிறது? அதைத் திறக்கும் திறப்பு யாரிடம் இருக்கிறது? கீழே வரும் எல்லா விடயத்தையும் இந்த இரண்டையும் வைத்தே பார்க்கலாம்.

## முதலில், வங்கியில் இருக்கும் காசு

வங்கியில் 50,000 ரூபா போடுகிறீர்கள். அந்தத் தாள்கள் உங்கள் பெயர் எழுதிய பெட்டியில் கிடப்பதில்லை. வங்கியின் கணக்கில் உங்கள் பெயருக்கு நேரே ஒரு வரி எழுதப்படுகிறது, அவ்வளவுதான். மல்லாவியில் இருந்து வவுனியாவில் உள்ள ஒருவருக்குக் காசு அனுப்பினால் ஏ9 வீதியால் எந்தத் தாளும் பயணம் செய்வதில்லை. ஒரு வரியில் கழிக்கிறார்கள், இன்னொரு வரியில் கூட்டுகிறார்கள். ஆகவே வங்கிக் காசு என்பது ஒரு பதிவு. அந்தப் பதிவை வைத்திருப்பவரை நம்புகிறோம்.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன நடக்கும் என்பதை வன்னிச் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1994இல் தொடங்கிய தமிழீழ வைப்பகத்தில் இங்குள்ளவர்கள் இலங்கை ரூபாவில் சேமித்தார்கள், நகைகளை அடைவு வைத்தார்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த நிறுவனம் இல்லை. சேமிப்புப் புத்தகத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர்களுக்கும் அதைக் கொடுத்துக் காசு கேட்க ஒரு கவுண்டர் இல்லாமல் போனது. இராணுவம் மீட்ட நகைகளில் ஒரு பகுதி பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டதே 2025 மே மாதத்தில்தான்.

2022இல் நடந்தது வேறு வகை. வங்கிகள் திறந்திருந்தன, கணக்கில் இருந்த இலக்கமும் ஒரு சதம் குறையவில்லை. ஆனால் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. கணக்கு பத்திரமாக இருந்தும் காசின் பெறுமதி கரைந்தது.

கணக்கை வைத்திருப்பவர் இல்லாமல் போவது ஒரு ஆபத்து. கணக்கு இருந்தும் பெறுமதி போவது இன்னொன்று. இந்த இரண்டுக்கும் மாற்று என்று சொல்லித்தான் பிட்கொயின் வந்தது. அதன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைத்தான் ஏமாற்றுக்காரர்களும் முதலில் கையில் எடுக்கிறார்கள்.

## 2009 ஜனவரி

2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. உலகம் முழுவதும் வங்கிகள் ஆட்டம் கண்டன. அந்த ஆண்டு ஒக்டோபர் 31 அன்று சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளிவந்தது. நடுவில் வங்கி எதுவும் இல்லாமல், ஒருவர் இன்னொருவருக்கு நேரடியாக இலத்திரனியல் காசு அனுப்பும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

2009 ஜனவரி 3 அன்று பிட்கொயினின் முதல் பதிவுத் தொகுதி உருவானது. பிரித்தானிய நிதியமைச்சர் வங்கிகளுக்கு இரண்டாவது முறையாகக் கைகொடுக்கப்போகிறார் என்ற அன்றைய லண்டன் ரைம்ஸ் பத்திரிகைத் தலைப்பு அந்தத் தொகுதிக்குள் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முதல் நாள், ஜனவரி 2, கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்த நாள். இங்கே சனம் மூட்டை முடிச்சுகளோடு கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தபோது, கணக்கேடு தொலையவே முடியாத ஒரு காசை எங்கோ ஒரு கணினியில் யாரோ தொடக்கிவைத்திருக்கிறார்கள்.

## பிட்கொயின் எப்படி வேலை செய்கிறது

ஒரு மாதர் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது பேர். சேமிப்பும் கடனும் பொருளாளரின் ஒரே கொப்பியில் எழுதப்பட்டால், கொப்பி எரிந்தாலும் சரி, பொருளாளர் ஒரு பக்கத்தைக் கிழித்தாலும் சரி, சங்கத்தின் கதை முடிந்தது. இப்போது முப்பது பேரும் ஆளுக்கொரு கொப்பி வைத்து, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் எல்லோரும் தங்கள் கொப்பியில் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மாற்றி எழுதினால் மற்ற இருபத்தொன்பது கொப்பிகள் அவரைக் காட்டிக்கொடுக்கும். பிட்கொயினின் கணக்கேடு அப்படிப்பட்டது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அதன் முழுப் பிரதி இருக்கிறது. அதைத்தான் பிளொக்செயின் என்கிறார்கள்.

ஒரு கொடுப்பனவு நடக்கும் முறை இது:

1. பிட்கொயின் வைத்திருக்க உங்கள் போனிலோ கணினியிலோ வொலட் என்ற செயலியை நிறுவுகிறீர்கள். அது மிகப் பெரிய ஒரு எண்ணை எழுந்தமானமாக உருவாக்குகிறது. அதுதான் உங்கள் இரகசியத் திறப்பு.

2. அந்தத் திறப்பில் இருந்து ஒரு முகவரி கணிக்கப்படுகிறது. எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட வரி அது. முகவரியை யாருக்கும் கொடுக்கலாம். முகவரியை வைத்துத் திறப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

3. காசு அனுப்பும்போது "இந்த முகவரியில் இருந்து அந்த முகவரிக்கு இவ்வளவு" என்ற கட்டளையில் உங்கள் திறப்பால் கையொப்பம் இடப்படுகிறது. திறப்பு உங்கள் கையை விட்டு வெளியே போவதில்லை.

4. வலையமைப்பில் உள்ள கணினிகள் இரண்டு விடயத்தைப் பார்க்கின்றன. கையொப்பம் சரியா? அந்த முகவரியில் அவ்வளவு இருக்கிறதா?

5. சரியான கட்டளைகள் ஒரு தொகுதியாகச் சேர்க்கப்படுகின்றன. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் அதற்கு முந்தைய தொகுதியின் அடையாளம் இருக்கும். பழைய ஒன்றை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாமே பிழையாகிப்போகும்.

அடுத்த தொகுதியை யார் எழுதுவது என்பதற்குக் கணினிகளுக்கிடையே ஒரு கணக்குப் போட்டி நடக்கிறது. அதற்குப் பெயர் மைனிங். வெல்பவருக்குப் புதிய பிட்கொயின் பரிசாகக் கிடைக்கும். 2009இல் தொகுதிக்கு 50 பிட்கொயின். ஏறத்தாழ நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். 2012, 2016, 2020 என்று குறைந்து, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது. மொத்தமாக 2 கோடி 10 இலட்சத்துக்கு மேல் பிட்கொயின் வராது என்பது இந்த முறைக்குள்ளேயே எழுதப்பட்ட விதி. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கனவே வெளிவந்துவிட்டது. ஒரு பிட்கொயினைப் பத்துக் கோடி துண்டாகப் பிரிக்கலாம், ஆகவே முழுதாக ஒன்று வாங்க வேண்டும் என்று இல்லை.

இந்த மைனிங் வேலையை இன்று மின்சாரத்தைக் குடிக்கும் தனி இயந்திரங்கள்தான் செய்கின்றன. "போனில் பட்டனை அமத்தினால் பிட்கொயின் சேரும்" என்று யாராவது சொன்னால் அது பொய்.

## திறப்பு தொலைந்தால்

வங்கி அட்டை தொலைந்தால் அடையாள அட்டையைக் காட்டிப் புதியது எடுக்கலாம். பிட்கொயினில் அப்படி ஒரு மேசை இல்லை. வொலட் தொடங்கும்போது பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள் வரிசையாகக் காட்டப்படும். போன் உடைந்தாலும் அந்தச் சொற்களை வைத்து வேறு போனில் எல்லாவற்றையும் மீட்கலாம். சொற்கள் உங்களிடம் இல்லை என்றால் உலகில் எவராலும் மீட்டுத் தர முடியாது. சொற்கள் இன்னொருவர் கைக்குப் போனால் காசும் அவருடையது.

வேல்ஸில் ஒருவர் 2013இல் பழைய வன்தட்டு ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டார். ஏறத்தாழ 8,000 பிட்கொயினின் திறப்பு அதில்தான் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வருடக்கணக்காக வழக்காடினார். அந்தக் காசு இன்றும் கணக்கேட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. தொட ஆள் இல்லை. கணக்கேடு அழியாமல் இருந்தும் காசு கைவிட்டுப் போகும் என்பது இதில் தெரிகிறது.

உங்கள் கணக்கைச் சரிபார்க்க வேண்டும், அந்தப் பன்னிரண்டு சொற்களைச் சொல்லுங்கள் என்று எந்த நேர்மையான நிறுவனமும் கேட்காது. கேட்பவர் திருடன். அதில் விதிவிலக்கு இல்லை.

## பிட்கொயின் தவிர்ந்த மற்றவை

விட்டாலிக் பியூட்டரினும் மற்றவர்களும் உருவாக்கிய எதீரியம் என்ற இன்னொரு பிளொக்செயின் 2015இல் இயங்கத் தொடங்கியது. காசை மட்டுமல்லாமல் நிபந்தனைகளையும் அதில் எழுதிவைக்கலாம்; நிபந்தனை நிறைவேறினால் கொடுப்பனவு தானாக நடக்கும். அதை வைத்து யார் வேண்டுமானாலும் சில நிமிடத்தில் ஒரு புதுக் கொயினை உருவாக்கலாம். ஆகவே ஒரு கொயினுக்குப் பெயரும் சின்னமும் இருப்பது அதற்குப் பெறுமதி இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

நம் ஊருக்கு அதிகம் தேவைப்படும் விளக்கம் ஸ்டேபிள்கொயின் பற்றியது. யூஎஸ்டிடி என்று குழுக்களில் ஓடுவது இந்த வகைதான். ஒரு கொயின் ஒரு டொலர் என்று நிற்கும்படி செய்யப்பட்டது. அதை வெளியிடும் டெதர் நிறுவனம் அதற்கு ஈடாகச் சொத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. அப்படியென்றால் பிட்கொயின் ஒழித்துவிட்டதாகச் சொன்ன நம்பிக்கை இங்கே திரும்பி வந்துவிடுகிறது. ஈடு உண்மையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. ஈடாகச் சொத்து வைக்காமல் கணக்குத் தந்திரத்தால் ஒரு டொலரில் நிற்கும் என்று சொன்ன டெராயூஎஸ்டி 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே சரிந்தது. அதோடு சேர்ந்த லூனா என்ற கொயினின் விலையும் கிட்டத்தட்டப் பூச்சியம் ஆனது.

## விலை ஏன் இப்படி ஆடுகிறது

2010 மே 22 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்கொயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் ஏறத்தாழ 69,000 டொலர். ஒரே வருடத்தில் அது 16,000 டொலருக்கும் கீழே போனது. 2024 டிசம்பரில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

வயல் நெல் தரும். வீடு வாடகை தரும். பிட்கொயின் எதையும் விளைவிப்பதில்லை. அடுத்தவர் என்ன கொடுக்கத் தயாரோ அதுதான் அதன் விலை. வெளிவரும் எண்ணிக்கைக்கு எல்லை இருப்பதால் ஆசை கூடினால் விலை பாயும், பயம் வந்தால் விழும்.

"விழுந்தாலும் திரும்ப ஏறும், பொறுத்திருக்க வேண்டும்" என்று சொல்வார்கள். 2024 வரை பிட்கொயின் விடயத்தில் அது நடந்தது. ஆனால் பொறுத்திருக்க யாரால் முடியும்? காலபோக நெல்லை விற்ற காசு சில வாரங்களில் சிறுபோகத்துக்கு விதையாகவும் உரமாகவும் உழவுகூலியாகவும் போக வேண்டிய காசு. அதை இதில் போட்டவர் விலை விழுந்திருக்கும் நேரத்தில் எடுத்தே ஆகவேண்டும். கடன் வாங்கிப் போட்டவரின் நிலை இன்னும் மோசம். மாதாமாதம் மிச்சம் பிடிக்கும் கனடாக்காரருக்குச் சரியாக இருக்கும் ஒரு யோசனை, இங்கே இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்பவருக்குச் சரிவராது. இருவரும் ஒரே குடும்பமாக இருந்தாலும் அப்படித்தான்.

## வாங்கும் இடம்: எக்ஸ்சேஞ்ச்

பெரும்பாலானோர் எக்ஸ்சேஞ்ச் எனப்படும் நிறுவனங்களின் செயலியில் வாங்கி அங்கேயே விட்டுவைக்கிறார்கள். அப்படி விட்டால் திறப்பு நிறுவனத்திடம். உங்களிடம் இருப்பது அந்த நிறுவனத்தின் கணக்கில் ஒரு வரி. பழைய வங்கி முறைக்கே திரும்பிவிட்டோம், வங்கிக்கு இருக்கும் கட்டுப்பாடுகள் இல்லாமல்.

ஜப்பானில் இருந்து இயங்கிய மவுண்ட் கொக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014இல் விழுந்தபோது ஏறத்தாழ 850,000 பிட்கொயினைக் காணவில்லை என்றார்கள். அதில் 200,000 பின்னர் கிடைத்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் விழுந்தது. வாடிக்கையாளர் காசை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்திய குற்றத்துக்காக அதன் நிறுவுனர் சாம் பேங்க்மன்-ஃப்ரீடுக்கு 2024 மார்ச்சில் 25 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. இவை ஊர் பேர் தெரியாத செயலிகள் அல்ல, தம் காலத்தில் உலகின் மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் சேர்ந்தவை.

## இலங்கையில் சட்டம் என்ன சொல்கிறது

இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களுக்கு அறிவித்தல்கள் விட்டது. அவற்றின் சாரம்:

1. கிரிப்டோ இலங்கையில் சட்டமுறையான நாணயம் அல்ல. கடைக்காரர் அதை ஏற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

2. கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் நடத்தவோ, மைனிங் செய்யவோ, புதுக் கொயின் விற்கவோ மத்திய வங்கி யாருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை. "மத்திய வங்கியில் பதிவு செய்த கிரிப்டோ கம்பனி" என்று சொல்லி அந்நாட்களில் கூட்டம் நடத்தியவர்கள் சொன்னது பொய்.

3. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, வங்கியின் கடன் அட்டையையோ பற்று அட்டையையோ கிரிப்டோ வாங்கப் பயன்படுத்த முடியாது.

வங்கியில் போட்ட காசுக்கு வைப்புக் காப்புறுதி இருக்கிறது. வங்கி முறிந்தால் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை கிடைக்கும். கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் இல்லை. சட்டம் மாறக்கூடியது என்பதால், புதிதாக ஏதும் கேள்விப்பட்டால் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அது தமிழிலும் இருக்கிறது.

## வன்னிக்குள் வருவது எது

இதுவரை சொன்னது உண்மையான கிரிப்டோ பற்றி. நம் ஊர்களுக்குள் அந்தப் பெயரில் வருவதில் மிகப் பெரும்பகுதி அதுவே அல்ல என்பதுதான் என் உறுதியான கணிப்பு. அது ஒரு செயலியும் ஒரு இலக்கமும் மட்டுமே. பின்னால் கணக்கேடும் இல்லை, கொயினும் இல்லை.

உலக அளவில் இதற்குப் பெரிய சாட்சி வன்கொயின். 2014இல் தொடங்கி நாடு நாடாகக் கூட்டம் போட்டு ஏறத்தாழ 400 கோடி டொலர் திரட்டினார்கள். அப்படி ஒரு பிளொக்செயினே இருக்கவில்லை. அதை நடத்திய ருஜா இக்னாடோவா 2017இல் தலைமறைவானார், 2022இல் அமெரிக்க எஃப்பிஐயின் மிகவும் தேடப்படும் பத்துப் பேரின் பட்டியலில் சேர்க்கப்பட்டார். நமக்குக் கிட்டவாக எம்டிஎஃப்ஈ என்ற செயலி. செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வியாபாரம் செய்யும் என்றார்கள். 2023 ஓகஸ்டில் அது முடங்கியபோது பலரின் கணக்கில் இருந்த காசு மறைந்தது மட்டுமல்ல, அவர்களே கம்பனிக்குக் கடன் என்று செயலி காட்டியது. இலங்கை மத்திய வங்கி அதைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆளுக்கு ஆள் சேர்த்து, பின்னால் வருபவரின் காசை முன்னால் வந்தவருக்குக் கொடுப்பதுதான் பிரமிட் திட்டம்.

இவை எப்படி நடக்கின்றன என்பதைக் கிட்டவாகப் பார்ப்போம். ஒரு எடுத்துக்காட்டு. நம்பிக்கையான ஒருவரின் பேச்சில் 15,000 ரூபா போடுகிறீர்கள். காசு போவது ஏதோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. செயலியில் 50 டொலர் என்று தெரிகிறது. ஒரு கிழமையில் 62. சரி, சோதிப்போம் என்று பத்து டொலரை எடுக்கக் கேட்கிறீர்கள். உண்மையாகவே 3,000 ரூபா வருகிறது. அது உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் போட்ட காசு. ஆனால் அந்த 3,000 ரூபாவோடு உங்கள் சந்தேகம் போய்விடுகிறது. அப்புறம் சங்கிலியை அடைவு வைத்து மூன்று இலட்சம் போடுகிறீர்கள். செயலி 1,400 டொலர் காட்டுகிறது. எடுக்கக் கேட்டால் முதலில் 15 வீத வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் கணக்குச் சரிபார்ப்புக் கட்டணம். அதையும் கட்டினால் உங்கள் தரத்தை உயர்த்த வேண்டுமாம். ஒருநாள் டெலிகிராம் குழுவையே காணவில்லை.

உங்கள் காசில் இருந்து கழிக்கக்கூடிய வரியைப் புதிதாகக் கொண்டுவந்து கட்டச் சொன்னால், எடுக்க அங்கே காசு இல்லை என்று அர்த்தம்.

இரண்டு சின்னக் கணக்குகளை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

1. நாளுக்கு 2 வீத இலாபம் என்கிறார்கள். இலாபத்தையும் சேர்த்து அப்படியே விட்டால் 365 நாளில் காசு ஏறத்தாழ 1,377 மடங்காகும். 50,000 ரூபா ஒரு வருடத்தில் ஆறு கோடி எண்பது இலட்சத்தைத் தாண்ட வேண்டும். அப்படி ஒரு வழி தெரிந்தவருக்கு உங்கள் 50,000 ரூபா எதற்கு?

2. ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்கச் சொல்கிறார்கள். 5, 25, 125, 625, 3,125, 15,625, 78,125. ஏழே படியில் மொத்தம் 97,655 பேர். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே ஏறத்தாழ 92,000, கைக்குழந்தைகளையும் சேர்த்து. கடைசிப் படியில் நிற்பவர்களுக்குச் சேர்க்க ஆள் இருக்காது. அவர்கள்தான் எப்போதும் ஆகக் கூடுதலான பேர்.

இந்தத் திட்டங்கள் இங்கே வேர்விட்டதற்குக் காரணம் சனத்தின் பேராசை என்று கொழும்பில் இருந்து எழுதுவது இலகு. அதை நான் ஏற்கவில்லை. நிரந்தர வேலை குறைவு. நுண்கடன் தவணைக்காக ஒவ்வொரு கிழமையும் வாசலில் ஆள் வந்து நின்ற வீடுகள் இவை. போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே இழுக்கும் பெண்கள் பலர். அவர்களிடம் போய், வீட்டில் இருந்தபடியே டொலர் என்று சொல்பவர் அவர்களின் தேவை எது என்று நன்றாகத் தெரிந்தே வருகிறார். வருபவர் அந்நியராகவும் இருப்பதில்லை. படிப்பித்த ஆசிரியர், கூடப் படித்தவர், சொந்தக்காரர். அந்த உறவுதான் இங்கே முதலீடாகப் பயன்படுகிறது.

ஆகவே சேர்த்துவிடுபவர்களுக்கும் ஒன்று. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, பிரமிட் திட்டத்தை நடத்துவதை மட்டும் குற்றமாக்கவில்லை. நேரடியாகவோ மறைமுகமாகவோ அதை முன்வைப்பதும் விளம்பரப்படுத்துவதும் ஊக்குவிப்பதும் குற்றம். நானும் ஏமாந்தவன்தான் என்ற விளக்கம் உங்களால் சேர்ந்த பத்துப் பேருக்கு நேர்ந்ததை மாற்றாது.

## உண்டியலும் யூஎஸ்டிடியும்

வெளிநாட்டில் இருந்து உண்டியல் மூலம் காசு வருவது வன்னிக்குப் புதிதல்ல. இப்போது சில இடங்களில் அந்த வேலையை யூஎஸ்டிடி செய்கிறது. அங்கே ஒருவர் கொயின் அனுப்புவார், இங்கே இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு உங்கள் வங்கிக் கணக்கில் ரூபா போடுவார். கொயின் சில நிமிடத்தில் வந்துவிடும், அது உண்மை. ஆபத்து ரூபாவில் இருக்கிறது. உங்கள் கணக்கில் காசு போட்டவர் யார், அது யாரை ஏமாற்றி எடுத்த காசு என்று உங்களுக்குத் தெரியாது. பறிகொடுத்தவர் முறையிட்டால் காசு போன பாதையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், உங்கள் கணக்கு முடக்கப்படும். தெரியாது என்று விளங்கப்படுத்தப் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டியது நீங்கள்.

இளைஞர்களிடம் "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்குத் தா, கமிஷன் தருகிறேன்" என்று கேட்பதும் இதன் தொடர்ச்சிதான். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 15,000 ரூபா போன அந்தத் தனியாளின் கணக்கு அப்படி வாடகைக்கு எடுத்ததாக இருக்கலாம். பொலிஸ் முதலில் தேடி வரும் பெயர் அந்தக் கணக்கின் சொந்தக்காரரின் பெயர்.

## யாராவது வந்து கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டியவை

1. நான் வாங்கும் கொயினை என் சொந்த வொலட்டுக்கு இப்போதே மாற்ற முடியுமா? முடியாது, அல்லது ஆறு மாதம் பூட்டியிருக்கும் என்றால் உங்களிடம் இருப்பது செயலிக்காரர் அடித்த இலக்கம்.

2. பொதுக் கணக்கேட்டில் என் முகவரியைக் காட்ட முடியுமா? உண்மையான பிட்கொயின் கொடுப்பனவு ஒவ்வொன்றையும் எவரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அந்தச் செயலிக்குள்ளே மட்டும் தெரிவது கணக்கில் சேராது.

3. இலாபம் எங்கே இருந்து வருகிறது? "எங்கள் குழு வியாபாரம் செய்கிறது", "ரோபோ செய்கிறது" என்பவை பதில் ஆகாது.

4. ஆள் சேர்த்தால் தரகு உண்டா? உண்டு என்றால் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

## ஏற்கனவே போட்டுவிட்டவர்களுக்கு

இன்னும் ஒரு சதமும் போட வேண்டாம், எடுப்பதற்கான கட்டணம் என்று கேட்டாலும். செயலியை உடனே அழிக்க வேண்டாம். அதில் தெரியும் இலக்கங்கள், குழு உரையாடல்கள், காசு போட்ட வங்கிச் சிட்டை, காசு போன கணக்கின் பெயரும் இலக்கமும் எல்லாவற்றையும் படம் பிடித்து வேறு இடத்தில் வையுங்கள். கிரிப்டோவாக அனுப்பியிருந்தால் அந்தக் கொடுப்பனவின் நீண்ட அடையாள வரியையும் எடுத்து வையுங்கள், பின்னர் தேடுவதற்கு அதுதான் ஒரே தடயம். வங்கிக்கு எவ்வளவு விரைவாகச் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு எதிர்ப்பக்கக் கணக்கில் காசு மிஞ்சியிருக்கும் வாய்ப்பு கூடும். பிறகு பொலிஸில் முறைப்பாடு எழுதிப் பிரதி எடுங்கள். ஒரே செயலியில் ஏமாந்தவர்கள் ஊரில் பத்துப் பேர் இருந்தால் சேர்ந்து போவது நல்லது. தனியாகப் போகும் பெண்ணைக் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன.

கொஞ்ச நாளில் இன்னொருவர் தொடர்புகொள்வார். இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், சட்டத்தரணி, கணினி நிபுணர், சில வேளை சர்வதேசப் பொலிஸ் என்றும் சொல்வார். நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்ற தொகைகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பட்டியலைப் பழைய கூட்டமே விற்றிருக்கும் அல்லது இதுவும் அதே கூட்டமாக இருக்கும். முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்த இலக்கத்தையும் படம் பிடித்து உங்கள் முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள்.